ஐந்தாம் நம்பர் ட்ரையல் ரூம்

ஜூன் 9, திங்கள்

பெருநாளுக்கும் டியூட்டி போட்டுவிட்டார்கள். சனிக்கிழமையில் வந்து தொலைத்ததாம். சனிக்கிழமை லீவு கேட்கலாமா, நீயே சொல் என்று மேனேஜர் என்னிடமே நியாயம் கேட்டார். காலையில் பிரியாணியைத் தம் போட்டு இறக்கிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன். மச்சான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை விட்டுவிட்டு அவர் சாப்பிட்ட முதல் பெருநாள். சரி, விடு.

இடது கெண்டைக்காலில் அந்த நரம்பு முடிச்சு இன்னும் தடித்திருக்கிறது. கருநீலமாக, தொட்டால் சூடாக. கடை திறந்ததிலிருந்து சாத்துகிற வரை நிற்க வேண்டும். உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது, கையைக் கட்டக் கூடாது. துணி எடுக்க வருகிறவர்கள் நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் கடைக்கு மரியாதை போய்விடுமாம். ஸ்டாஃப் ரூமில்கூட நாற்காலி கிடையாது. சாப்பாட்டு வேளையில் அட்டைப் பெட்டிமேல்தான் உட்காருகிறோம். அதுவும் நசுங்கிப்போகும்.

நல்ல வேளை, அஞ்சாம் நம்பர் இருக்கிறது. பெண்கள் பக்கத்தில் ட்ரையல் ரூம் ஐந்து, அதற்குப் பொறுப்பு நான். போன வருஷம் ஐந்தாவதில் தாழ்ப்பாள் கழன்றுபோய் 'ரிப்பேர்' என்று போர்டு மாட்டினார்கள். தச்சர் வந்து சரிசெய்துவிட்டுப் போனார். போர்டை மட்டும் யாரும் எடுக்கவில்லை. முதலில் உள்ளே போய்த் தாழ் போட்டு சுவரில் பதித்த பலகையில் உட்கார்ந்தது யார் என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. நான்தானோ என்னவோ. எல்லாரும் முறை வைத்து உட்காருகிறோம். எங்கள் காதில் வாக்கி-டாக்கி மாட்டியிருக்கும். அதில் ஒருத்தி "அஞ்சுக்கு ஹேங்கர் வேணும்" என்று ஹிந்தியில் சொன்னால் அவளால் நிற்க முடியவில்லை என்று அர்த்தம். காலியாக இருந்தால் வரச் சொல்வேன்.

இதையெல்லாம் எழுதி வைக்கலாமா? எழுதலாம். தமிழில் எழுதினால் புனேயில் எவள் படிக்கப் போகிறாள்.

ஜூன் 12, வியாழன்

ரீனா முழுகாமல் இருக்கிறாள். மூன்று மாதம். அஞ்சாம் நம்பரில் வைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சொல்லும்போதே அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

"இர்ஃபானாக்கா, யாருக்கும் சொல்லாத, ப்ளீஸ். காண்ட்ராக்ட் புதுசு ஆகட்டும். பாத் மே பாத்துக்கலாம்."

புனே பக்கத்தில் தேஹு ரோட்டுப் பிள்ளை. தாத்தா காலத்திலேயே ராணுவ டிப்போ வேலைக்கு வந்த குடும்பம். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. ஆறு வருஷமாகக் காத்திருந்த பிள்ளை இது. நடுவில் ஒன்று தங்காமல் போனது. அப்போதும் இதே கடையில் குர்த்தி செக்‌ஷனில் நின்றுகொண்டிருந்தாள். ரத்தம் பட்ட பேண்டுக்கு மேல் என் துப்பட்டாவைக் கட்டி நான்தான் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

ஜூலைக் கடைசியில் ஏஜென்சிக்காரன் எங்கள் எல்லோருடைய காண்ட்ராக்டையும் புதுப்பிப்பான். அதற்குள் வயிறு தெரிந்தால் பெயர் இருக்காது, பிரசவ லீவு கொடுக்க வேண்டிவருமே. போன வருஷம் பாவனாவை அப்படித்தான் கழற்றிவிட்டார்கள். ரீனாவின் புருஷன் அமல்ராஜுக்கு டிப்போ காண்ட்ராக்டில் ஒரு மாதம் வேலை இருந்தால் ஒரு மாதம் இல்லை.

ஜூலைக் கடைசி வரைக்கும் ஒளிக்க வேண்டும். ஒளிப்போம்.

ஜூன் 14, சனி

என் முறையையும் ரீனாவுக்கே கொடுத்தேன். மற்றவளுகள் முகம் கோணினார்கள். வயிற்றுவலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

பழைய மேனேஜருக்கு மாற்றல். புதிதாக ஒருத்தர் வந்திருக்கிறார். தருண். பேட்ஜில் அவ்வளவுதான் பெயர். என் கடைசித் தம்பி வயதுகூட இருக்காது. ஹிந்தி தண்ணீர்பட்ட பாடு, இங்கிலீஷ் அதற்கு மேல். யாரையும் திட்டவில்லை, குரலே உயரவில்லை. ஒவ்வொருத்தி பெயரையும் கேட்டு, மறுநிமிஷம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இவளுகளுக்கு ஒரே பூரிப்பு. எனக்கென்னவோ திட்டுகிற மேனேஜர்தான் பழக்கம்.

ஜூன் 26, வியாழன்

வார லீவு. வீட்டுப் பக்கத்தில், கோந்த்வாவிலேயே டாக்டரம்மாவிடம் போனேன். காலைப் பார்த்துவிட்டு என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். நின்று பார்க்கிற வேலையை விடு, விடாவிட்டால் இது உடைந்து புண்ணாகும், புண்ணானால் லேசில் ஆறாது என்றார். வேறு மருந்து இல்லையா என்று கேட்டேன். உட்காருவதுதான் மருந்து என்றார். இறுக்கமான சாக்ஸ் ஒன்று எழுதிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் எண்ணெய் தடவிவிட்டார். டெம்போ கவிழ்ந்து இடுப்பு முறிந்ததிலிருந்து அவருக்குக் கொஞ்ச நேரத்துக்கு மேல் நிற்க வராது. 'கரீம் டிரான்ஸ்போர்ட்' என்று ஆசையாசையாக எழுதி ஓட்டிய வண்டியை விற்று இரண்டு வருஷம் ஆகிறது.

"நான் வாட்ச்மேன் வேலைக்காவது போறேன் பிள்ளா," என்றார்.

"வாட்ச்மேனும் நிக்கணும்லா," என்றேன்.

அவருக்கு நிற்க முடியாது, எனக்கு உட்கார முடியாது. நல்ல ஜோடியாகத்தான் பார்த்துச் சேர்த்திருக்கிறான் அல்லாஹ்.

ஜூலை 5, சனி

மழை. மால் முழுக்க ஈரக் குடை. மழைக்காலத் தள்ளுபடி என்று ஜனம் பொத்துக்கொண்டு வருகிறது. ட்ரையல் ரூமுக்கு வெளியே வரிசை, உள்ளே கழற்றிப்போட்ட துணி மலைமலையாக. அப்படி இருந்தும் இன்று சிரித்தோம்.

ஹேங்கர் கீங்கர் என்கிற ரகசியமெல்லாம் மற்றவளுகளுக்குத்தான். எனக்கும் ரீனாவுக்கும் அது எதற்கு? வாக்கியில் நேராகத் தமிழிலேயே பேசிக்கொள்கிறோம். அத்தனை பேர் காதிலும் விழும், ஒருத்திக்கும் புரியாது.

"அக்கா, தலை சுத்துது. அஞ்சு காலியா?"

"காலியாத்தான் கெடக்கு, வா. நாலாம் மாசம் பொறந்தாச்சு, பிள்ளத்தாச்சி இப்படியா நிப்பா?"

"புது சாப் எங்க?"

"ஜென்ட்ஸ் பக்கம் நிக்கான். கொக்கு மாதிரி."

அவள் வாக்கியை அணைக்காமலேயே சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. ஒரு கஸ்டமர் என்ன சிரிப்பு என்று கேட்டே விட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்



ஸ்டாக் ரூமுக்கு வரச் சொன்னார் தருண் சார். ஸ்டாக் கணக்குப் பற்றி என்று நினைத்துப் போனேன். கதவைச் சாத்தவில்லை, திறந்தே வைத்திருந்தார். சிரித்த முகம்.

"எத்தன மாசங்க அக்கா?"

எனக்கு உடனே ஏறவில்லை. ஹிந்தியில், என்ன சார், என்று கேட்டேன். எந்த பாஷையில் கேட்கிறார் என்றே உறைக்கவில்லை.

"ரீனாவுக்குங்க. நாலுன்னு சொன்னாப்ல இருந்துச்சு."

யா அல்லாஹ். சொந்த ஊர் கோயமுத்தூராம். சின்ன வயதிலேயே அப்பாவுக்கு இங்கே கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. வீட்டில் தமிழ்தானாம். வெளியே தமிழ் கேட்டு ரொம்ப நாளாயிற்று, கேட்கவே சந்தோஷமாக இருந்தது என்றார். வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அஞ்சாம் நம்பர், யார் முறை, யாருக்கு எங்கே வலி, எல்லாம். நான் கொக்கு என்றதையும் விடவில்லை. நிற்பது அப்படியா தெரிகிறது என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை, போகச் சொல்லிவிட்டார். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

ஜூலை 9, புதன்

இந்த வாயைத் தைத்துப் போடணும். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி மைக்கில் பேசியிருக்கேனே, கிறுக்கச்சி — பிள்ளத்தாச்சின்னு வேற. என்னத்துக்கு? நம்ம பேச்சு எவனுக்கும் தெரியாதுன்னு எவன் சொன்னான்?

நோட்டை இனிமேல் கடைக்குக் கொண்டுபோகப் போவதில்லை.

ஜூலை 11, வெள்ளி

ரீனாவிடம் இன்னும் சொல்லவில்லை. வாக்கியில் தமிழ் பேசாதே என்று மட்டும் சொன்னேன். ஏன் என்றாள். சும்மாதான் என்றேன்.

சைனபு போன் பண்ணினாள். என் தங்கச்சியும் திருநெல்வேலியில் ஜவுளிக்கடையில்தான் நிற்கிறாள். அங்கே கடைக்காரர்கள் வேலையாட்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, ஸ்டூல் போட்டிருக்கிறார்கள் என்றாள். உட்கார்வாயா என்று கேட்டேன். "ஸ்டூல் இருக்கு. ஆள் இல்லாத நேரம் பார்த்து உக்காரணும். ஆள் இல்லாத நேரந்தான் இல்ல," என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். போனை வைத்த பிறகு எதற்கோ அழுகை வந்தது.

ஜூலை 15, செவ்வாய்

மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை கதவைச் சாத்தினார்.

போர்டு விஷயம் மேலே போனால் லேடீஸ் செக்‌ஷன் மொத்தத்தையும் எடுத்துவிடுவார்கள். வேலை நேரத்தில் ஒளிந்துகொள்வது பெரிய குற்றமாம். ரீனா விஷயம் வேறு. ஜூலைக்கு அப்புறம் வயிறு தெரிந்தால், ஏன் மறைத்தாய் என்று இவர் தலை உருளும். ஆகவே ரீனா தானாக வேலையை விட்டுவிட்டால் எல்லோருக்கும் நல்லது. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு வீட்டில் இருப்பது அதைவிட நல்லது. இப்படியே வரிசையாக அடுக்கினார், துணி மடிக்கிற மாதிரி.

"அந்தப் பொண்ணு ரிசைன் பண்ணிட்டா நான் போர்டப் பாக்கவே இல்லைங்க. நீங்க சொன்னா கேக்கும்."

கால் விண்விண் என்று தெறித்தது. அவர் என் காலைப் பார்த்தார். அதையும் வாக்கியில் கேட்டிருப்பார்.

"ஆல்டரேசன் கவுண்டர்ல ஆள் இல்லைங்க அக்கா. உங்களுக்குத் தையல் வருமாமே. உக்காந்து பாக்கற வேலை."

பேண்டு நீளம் குறைக்கிற கவுண்டர் அது. தையல்காரர் விட்டுப்போய் மாதமாகிறது. கடை முழுவதற்கும் சேர்த்து நாற்காலி இருப்பது அங்கே மட்டும்தான்.

ஜூலை 16, புதன்

மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் பிள்ள வயித்தெரிச்சலக் கொட்டிக்கிடாத பிள்ளா," என்றார். பிறகு என் காலைப் பார்த்தார்.

இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேண்டவே வேண்டாம் என்று அடித்துச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். கேட்டிருப்பேனா?

ஜூலை 17, வியாழன்

முடிச்சு உடைந்துவிட்டது. செருப்பு மாட்டும்போது பார்த்தால் சாக்ஸெல்லாம் ரத்தம். டாக்டரம்மா கட்டுப்போட்டு, நான் சொன்னேனே என்றார். சொன்னீர்கள்.

இந்த வேலையும் போனால்? வாடகைக்கு வீட்டுக்காரன் வாசலில் வந்து நிற்பான். மச்சானுக்கு மாத்திரை ஒருநாள் தவறினாலும் படுக்கையிலிருந்து எழ முடியாது. காலில் கட்டோடு போய் நின்றால் எந்தக் கடைக்காரன் என்னை எடுப்பான்? யாரிடம் போய்க் கேட்பேன்? இந்த ஊரில் எனக்கு யார் இருக்கா? ரீனாவுக்கு அம்மா வீடு இருக்கு. புருஷனுக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு. அவ சமாளிச்சுக்கிடுவா.

இப்படி எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். தருண் சார் பேசுகிற மாதிரியே இருக்கிறது.

ஜூலை 19, சனி

சொல்லிவிட்டேன்.

அஞ்சாம் நம்பரில் அவள் பலகைமேல் உட்கார்ந்திருந்தாள், நான் கதவில் சாய்ந்து நின்றேன். தருணுக்குத் தமிழ் தெரியும் என்றேன். முதலில் சிரித்தாள், நான் விளையாடுகிறேன் என்று. என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். வாக்கியில் என்னென்ன பேசினோம் என்று அவள் ஒவ்வொன்றாக யோசிப்பது கண்ணிலேயே தெரிந்தது. எங்கள் இரண்டு பேர் வாயும்தான் செய்தது, அவள் என்னைக் குறை சொல்லவில்லை.

போர்டைப் பற்றிச் சொன்னேன். நீ விலகாவிட்டால் எல்லோருக்கும் வேலை போய்விடும் என்கிறார் என்றேன்.

"உனக்கும் ஜாப் போய்டுமா?"

"ஆமா."

"உன் கால் வேற இப்டி இருக்கு அக்கா." குனிந்து என் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "டீக் ஹை. நான் விட்டுடுறேன். ஒருத்திக்காக எல்லார் சோறும் போகணுமா?"

வெளியே யாரோ ஹேங்கர் வேணும் என்று வாக்கியில் கேட்டாள். ரீனா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மற்றவளுக்கு இடம் விட வேண்டுமே.

நாற்காலியைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருந்தது. அவள் தலைமுடியைச் சரிசெய்து, கண்ணாடி பார்த்து, தாழைத் திறக்கிற வரைக்கும் நேரம் இருந்தது.

ஜூலை 21, திங்கள்

ரீனா போய்விட்டாள். ஏஜென்சிக்குப் போனிலேயே செய்தி அனுப்பிவிட்டாள், அவ்வளவுதான் சடங்கு. மத்தியானம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். என்ன காரணம் என்று கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றாள். போகிறபோது தன் ஷூவுக்குள்ளிருந்து மெத்தை அட்டை இரண்டையும் உருவி என் கையில் வைத்தாள். நின்று நின்று பாதம் எரிகிறதென்று ஆசைப்பட்டு வாங்கியது.

"எனக்கு இனிமே எதுக்கு? நீ போட்டுக்கோ. நிக்கிறப்போ நல்லா இருக்கும்."

வாங்கிக்கொண்டேன். சண்டாளி நான்.

ஜூலை 22, செவ்வாய்

சாப்பிடவில்லை. மச்சான் கேட்டதற்குப் பசியில்லை என்றேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காண்ட்ராக்ட் புதுப்பித்தாயிற்று. இன்று முதல் ஆல்டரேஷன் கவுண்டர். தருண் சார் வந்து, சௌகரியமா இருக்குதுங்களா என்று கேட்டுவிட்டுப் போனார். அதன்பிறகு அவர் என்னிடம் தமிழ் பேசவில்லை. வேலை முடிந்துவிட்டதே.

உட்கார்ந்ததும் தொடையெல்லாம் மரத்துப்போயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றும் தைக்காமல் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். அழுகையும் வந்தது, சுகமாகவும் இருந்தது. சுகமாக இருந்ததுதான் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

அஞ்சாம் நம்பர் போர்டை எடுத்துவிட்டார்கள். அது போகட்டும் என்றால், உள்ளே இருந்த பலகையையும் ஸ்க்ரூ கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். சுவரில் ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. பாக்கி நாலு ரூமிலும் அப்படியே. கஸ்டமர் துணியைக் கொக்கியில் மாட்டிக்கொள்ளலாமாம்.

புதுப்பித்ததில் இரண்டு பேர் பெயர் இல்லை. ரீனா போனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்றல்லவா சொன்னார். கேட்கப் போனேன், கேட்காமல் திரும்பி வந்தேன். கேட்டால் நாற்காலியிலிருந்து எழுந்து கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கணபதிக் கூட்டம். வெளியே டோல் மேளம் அடிக்கிற சத்தம் கண்ணாடியைத் தாண்டி வருகிறது. மற்றவளுகள் என்னிடம் வேலைப் பேச்சு மட்டும்தான் பேசுகிறார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியைப் பார்த்தாலே போதுமே, கேட்க என்ன இருக்கிறது? குர்த்தி செக்‌ஷனில் ஒரு புதுப் பெண், ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கம் பார்க்காமல் தைத்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

ரீனா போனை எடுக்கவில்லை. நாலைந்து தடவை அடித்தேன். எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

செப்டம்பர் 25, வியாழன்

புண் ஆறிவிட்டது என்றார் டாக்டரம்மா. வேலையை விட்டாயா என்று கேட்டார். உட்காருகிற வேலை கிடைத்தது என்றேன். அல்ஹம்துலில்லாஹ் சொல்லு என்றார் பக்கத்தில் இருந்த கிழவி. சொன்னேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

தீபாவளிக் கூட்டம். என் கவுண்டர் முன்னால் டோக்கனோடு பெரிய வரிசை. குனிந்தபடியே ஒவ்வொன்றாக வாங்கி, நீளம் குறித்து, சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கறுப்பு பேண்டு வந்தது. நீட்டிய கையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

வயிறு நன்றாக இறங்கியிருந்தது, எட்டாம் மாதம். கால் வீங்கிச் செருப்பு வாரில் பிதுங்கியது. எத்தனை நேரம் வரிசையில் நின்றாளோ. என்னைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். கோபமாக முகம் மாறும் என்று காத்திருந்தேன். மாறவில்லை. கணக்குச் சரியாக வந்துவிட்டவள் போல லேசாகத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டாள்.

எத்தனை நாளாகும் மேடம் என்று ஹிந்தியில் கேட்டாள்.

யாருடையது என்று தமிழில் கேட்டேன். அமல்ராஜுடையது என்று எனக்குத் தெரியாதா. ஹஸ்பெண்டுடையது, மேடம் என்றாள், அதுவும் ஹிந்தியில். பின்னால் நின்றவன் சீக்கிரம் என்று முனகினான்.

நான் எழுந்தேன். நாற்காலியைக் கவுண்டரைச் சுற்றி இழுத்துக்கொண்டு வந்து அவள் பக்கம் போட்டேன். வரிசையே பார்த்தது. தூரத்தில் தருண் சாரும் பார்த்தார்.

"உக்காரு ரீனா. பிள்ளத்தாச்சி நிக்காத."

"ஆப் பைட்டியே, மேடம்," என்றாள். நீங்கள் உட்காருங்கள். குரலில் ஒரு குத்தலும் இல்லை. கஸ்டமரிடம் அப்படித்தான் பேச வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

சீட்டை வாங்கிக்கொண்டு போனாள். எஸ்கலேட்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கீழே இறங்குகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் போன பிறகு நாள் முழுக்க நின்றேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிக்கொள்ளலாம். ஆனால் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வரிசையில் முந்தி வந்தவர்களுடையதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அமல்ராஜின் பேண்டை முதலில் எடுத்துத் தைத்தேன். கால் வலிக்கவில்லை.